வாயில் காத்த பேரறிஞர் ஆல்பர்ட் சேபின்



ஒரு கால் மெலிந்து, முழங்காலைக் கையால் தாங்கியவாறோ கோலூன்றியோ நடக்கும் பெரியவர்கள் சிலரை நாம் அனைவரும் அறிவோம். குழந்தைப் பருவத்தில் இரண்டு நாள் காய்ச்சல் கண்டு, மூன்றாம் நாள் கால் தொய்ந்து போனதாக அவர்தம் அன்னையர் சொல்லக் கேட்டிருப்போம். இளம்பிள்ளை வாதம் என்னும் அந்நோயால் கால் இழந்த சிறுவர் எவரையும் இன்று நம் பள்ளிக்கூடங்களில் காண்பதற்கில்லை. ஒரு தலைமுறைக்குள் நேர்ந்த இம்மாற்றம் தெய்வச் செயலும் அன்று. தானாக வந்ததும் அன்று. அதன் பின்னே பல்லாயிரம் பேருடைய உழைப்பு உண்டு. அவ்வுழைப்புக்குக் கருவி தந்தவர்களுள் தலையாய ஒருவர் டாக்டர் ஆல்பர்ட் புரூஸ் சேபின். ஊசியின்றி, வலியின்றி, நாவில் விடும் சில துளிகளால் குழந்தைகளைக் காக்கும் வழியை உலகுக்கு அளித்தவர் அவர்.

பிறப்பின் பெயரால் துரத்தப்பட்ட குடும்பத்தில் தோன்றியவர் அவர்; தாம் கண்டதை எவருக்கும் விலைபேசாது வழங்கியவரும் அவரே. கல்வியையே படைக்கலனாகக் கொண்டு இருபத்தைந்து ஆண்டுகள் நடைபோட்டுள்ள நம் சங்கத்தின் வெள்ளி விழா மலரில் அவர் வரலாற்றை எழுதுவதற்கு இதனினும் வேறு காரணம் வேண்டுவதில்லை.

பிறப்பும் புலம்பெயர்வும்

அந்நாளில் ரஷ்யப் பேரரசின் ஆட்சிக்கு உட்பட்டிருந்ததும், இன்று போலந்து நாட்டில் உள்ளதுமான பியாலிஸ்டாக் என்னும் நகரில், 1906ஆம் ஆண்டு ஆகஸ்டு 26ஆம் நாள் ஒரு யூதக் குடும்பத்தில் சேபின் பிறந்தார். பெற்றோர் இட்ட பெயர் ஆப்ரம் சேப்பர்ஸ்டைன். அவர் பிறப்பதற்கு இரண்டு மாதங்களுக்கு முன்னர், அதே ஆண்டு ஜூன் திங்களில், அந்நகரத்து யூதர்கள்மீது பெருந்தாக்குதல் ஒன்று கட்டவிழ்த்து விடப்பட்டது. வீடுகளும் கடைகளும் சூறையாடப்பட்டன. யூதர் பலர் கொல்லப்பட்டனர். அவர்கள் செய்த குற்றம் யாது? யூதராய்ப் பிறந்தது ஒன்றே. பிறந்த குடியைக் காரணமாக்கி மனிதரை மனிதர் வேட்டையாடும் கொடுமையை நமக்கு எவரும் விளக்கிக் கூறத் தேவையில்லை.

முதல் உலகப் போரும் அதன் பின் வந்த குழப்பங்களும் அக்குடும்பத்தை மேலும் வாட்டின. 1921ஆம் ஆண்டில் அவர்கள் கடல் கடந்து அமெரிக்கா சென்று, நியூ ஜெர்சி மாநிலத்தில் பட்டு நெசவுக்குப் பெயர்பெற்ற பேட்டர்சன் நகரில் குடியேறினர். அப்போது சிறுவனுக்கு அகவை பதினைந்து. ஆங்கிலம் தெரியாது, கையில் பொருளும் கிடையாது. அந்த ஊரின் பள்ளியிலேயே மொழியைக் கற்று, தேர்வுகளில் தேறி, கல்லூரி வாயிலை அடைந்தான். அவர்கள் பின்னே விட்டு வந்த பியாலிஸ்டாக் நகரத்து யூத மக்களைப் பின்னாளில் இட்லரின் படைகள் அழித்தொழித்தன. 1943ஆம் ஆண்டோடு அந்நகரின் யூதக் குடியிருப்பு இல்லாமற் போயிற்று. அன்று கப்பலேறியிராவிட்டால் உலகம் ஒரு சேபினை இழந்திருக்கும். தழைக்குமுன் வெட்டுண்ட எத்தனை சேபின்களை உலகம் அவ்வாறு இழந்ததோ!

கல்வியும் ஒரு துணிவும்

உறவினர் ஒருவர் பல் மருத்துவர். பையன் பல் மருத்துவம் படித்துத் தம்முடன் தொழிலில் சேர்வதானால் படிப்புச் செலவைத் தாம் ஏற்பதாக அவர் முன்வந்தார். அவ்வாறே நியூயார்க் பல்கலைக்கழகத்தில் பல் மருத்துவம் பயிலத் தொடங்கிய இளைஞரின் உள்ளம் அதில் ஊன்றவில்லை. நோய்க்கிருமிகளைக் கண்டறிந்த அறிஞர்களின் வரலாறுகளைக் கூறும் நூல் ஒன்றைப் படித்தபின் அவர் மனம் முற்றும் கிருமி ஆய்வின்பால் திரும்பிற்று. பல் மருத்துவத்தை விட்டுப் பொது மருத்துவத்துக்கு மாறினார். உறவினரின் உதவி அத்துடன் நின்றது.

அந்நிலையில் கைகொடுத்தவர் வில்லியம் பார்க் என்னும் கிருமியியல் பேராசிரியர். அவர் செய்த உதவியாலும், தாமே செய்த சிறு வேலைகளாலும் அம்மாணவர் தம் படிப்பைத் தொடர்ந்தார். 1930ஆம் ஆண்டில் அமெரிக்கக் குடியுரிமை பெற்றபோது ஆல்பர்ட் புரூஸ் சேபின் என்னும் பெயரை ஏற்றார். 1931இல் மருத்துவப் பட்டம் பெற்றார். பட்டம் பெற்ற அவ்வாண்டுக் கோடையிலேயே நியூயார்க்கில் இளம்பிள்ளை வாதம் கொள்ளை நோயாய்ப் பரவியது. அந்நோயை ஆராயுமாறு பார்க் பணித்தார். அன்று தொட்ட பணியைச் சேபின் தம் இறுதிக்காலம்வரை விட்டாரில்லை. திறமை ஒரு மாணவனிடம் இருந்தால் மட்டும் போதாது; அதை அறிந்து கைதூக்கிவிடும் ஆசிரியர் ஒருவரும் வேண்டும் என்பதற்குப் பார்க் சான்றாவார்.

தவறாகக் காவல் காத்த வாயில்

இளம்பிள்ளை வாதம் வைரஸ் என்னும் நுண்கிருமியால் வருவது என்பதை 1908ஆம் ஆண்டில் வியன்னா நகரில் லாண்ட்ஸ்டைனர், பாப்பர் என்னும் இருவர் காட்டியிருந்தனர். ஆனால் அக்கிருமி உடலுக்குள் எவ்வழியே நுழைகிறது என்பதில் பெருங்குழப்பம் நிலவியது. அது மூக்கின் வழியே நுழைந்து, நரம்பைப் பற்றிக்கொண்டு மூளைக்கும் முதுகுத்தண்டுக்கும் செல்கிறது என்பதே அந்நாளைய பேரறிஞர்களின் முடிவு. ஆய்வுக்கூடத்து ரீசஸ் குரங்குகளுக்கு மூக்கில் கிருமியை இட்டால் நோய் வந்தது. வாயில் இட்டால் வரவில்லை. குரங்குக்கு உண்மையானது மனிதனுக்கும் உண்மை என்று அவர்கள் கருதிவிட்டனர்.

அக்கருத்தை நம்பி, மூக்கின் உட்புறத்தில் வேதிப்பொருளைத் தெளித்து வாயிலை அடைத்துவிடலாம் என்று முயன்றனர். 1937ஆம் ஆண்டில் கனடா நாட்டு டொராண்டோ நகரில் சுமார் ஐயாயிரம் குழந்தைகளின் மூக்கில் துத்தநாக உப்புக் கரைசலைத் தெளித்தனர். நோய் தடுக்கப்படவில்லை, சில குழந்தைகள் மோப்ப உணர்வை இழந்ததே கண்ட பலன்.

அக்காலத்தில் ராக்கபெல்லர் ஆய்வுக்கழகத்தில் பணியாற்றிய சேபினும் இந்தப் பிழையிலிருந்து தப்பவில்லை. 1936இல் அவரும் ஓலிட்ஸ்கி என்பவரும் செய்த ஆய்வில், அவ்வைரஸ் நரம்புத் திசுவில் மட்டுமே வளரும் என்னும் முடிவு கிட்டிற்று. குரங்கு மூளையிலேயே நெடுங்காலம் வளர்த்த கிருமியை அவர்கள் பயன்படுத்தியதே அதற்குக் காரணம் என்பது பின்னரே தெளிவாயிற்று.

குடலே வாயில் என்று காட்டியது

1939ஆம் ஆண்டில் சேபின் ஓஹையோ மாநிலத்துச் சின்சினாட்டி நகரக் குழந்தைகள் மருத்துவமனையின் ஆய்வு நிலையத்துக்குச் சென்றார். அங்கே அவர் தம் பழைய முடிவையும் பெரியோர்தம் முடிவையும் ஒருங்கே உரைகல்லில் உரைத்துப் பார்த்தார். இளம்பிள்ளை வாதத்தால் இறந்தோரின் உடல்களை அவரும் ராபர்ட் வார்டு என்னும் துணைவரும் பகுதி பகுதியாக ஆராய்ந்தனர். மூக்கின் உட்படலத்தில் வைரஸ் இல்லை. குடலிலோ அது நிறைந்திருந்தது. 1941இல் இவ்வுண்மை வெளியாயிற்று. மூக்கன்று, வாயும் குடலுமே அந்நோயின் நுழைவாயில் என்பது இதனால் உறுதிப்பட்டது.

மூக்கு, வாய், தொண்டை, குடல் ஆகியவற்றின் உட்புறத்தை ஈரமாகப் போர்த்தியிருக்கும் மெல்லிய படலத்தைச் சளிச்சவ்வு என்பர். நம் உடலுக்குப் புறத்தோல் ஒரு மதிலென்றால், சளிச்சவ்வு அம்மதிலில் உள்ள வாயில்களைப் போன்றது. உணவும் மூச்சும் அவ்வழியே வருகின்றன. நோய்க்கிருமிகளுள் மிகப் பலவும் அவ்வழியே வருகின்றன. ஆகவே இயற்கை அங்கே தனிக்காவல் வைத்துள்ளது. குடலின் சுவரில் ஆங்காங்கே நிணநீர்த் திட்டுகள் உள்ளன. குடலுக்குள் வரும் கிருமியை அத்திட்டுகளின் மேலுள்ள தனி உயிரணுக்கள் உள்ளிழுத்துக் காவற்படைக்கு அடையாளம் காட்டுகின்றன. அப்படை தோற்றுவிக்கும் ஒருவகை எதிர்ப்பொருள் சளியோடு கலந்து குடலின் பரப்பிலேயே நிற்கும். மறுமுறை அதே கிருமி வந்தால் கால் ஊன்ற இடமின்றி வெளியேற வேண்டியதுதான்.

ஊசி வழியே தசையில் செலுத்தும் மருந்து இரத்தத்தில் எதிர்ப்பொருளை உண்டாக்கி, கிருமி நரம்பை எட்டாதவாறு தடுக்கும். அதனால் அக்குழந்தை காக்கப்படும். ஆயினும் வாயிலில் காவல் வலுப்பெறாமையால் கிருமி அதன் குடலில் பெருகி, மலத்தின் வழியே வெளியேறி, அடுத்த வீட்டுக் குழந்தையை அடைய இடமுண்டு. நோய் எவ்வழி நுழைகிறதோ அவ்வழியிலேயே மருந்தையும் செலுத்தினால் வீட்டோடு தெருவும் காக்கப்படும் என்பதே சேபின் கொண்ட கொள்கை.

உயிருள்ள மருந்தை உருவாக்கியது

இரண்டாம் உலகப் போரின்போது சேபின் இராணுவ மருத்துவராகப் பணியாற்றி, மணல் ஈக் காய்ச்சல், டெங்குக் காய்ச்சல், ஜப்பானிய மூளைக் காய்ச்சல் ஆகியவற்றை ஆராய்ந்தார். போர் முடிந்ததும் மீண்டும் தம் பழைய பகைவனிடமே திரும்பினார். 1949இல் எண்டர்ஸ், வெல்லர், ராபின்ஸ் என்னும் மூவர், அவ்வைரசை நரம்பல்லாத திசுக்களிலும் கண்ணாடிக் குழாயில் வளர்க்க முடியும் என்று காட்டினர். சேபினுடைய 1936ஆம் ஆண்டு முடிவை அது புரட்டிப் போட்டது. அவரோ அதைத் தம் தோல்வியாகக் கருதாமல் புதிய வழி திறந்ததாகவே கொண்டு, அந்த வழியில் நடந்தார்.

1952ஆம் ஆண்டில் மட்டும் அமெரிக்காவில் 57 ஆயிரத்துக்கு மேற்பட்டோர் அந்நோய்க்கு ஆளாயினர். 1955ஆம் ஆண்டு ஏப்ரல் 12ஆம் நாள் ஜோனாஸ் சால்க் என்னும் அறிஞர் கண்ட தடுப்பூசி வெற்றி பெற்றதாக அறிவிக்கப்பட்டது. கொல்லப்பட்ட வைரசைக் கொண்டு செய்தது அது. நாடு முழுவதும் ஆலய மணிகள் முழங்கின. சில வாரங்களிலேயே ஒரு நிறுவனத்தின் மருந்தில் வைரஸ் முற்றும் சாகாதிருந்தமையால் குழந்தைகள் பலர் வாதமுற்றனர், சிலர் இறந்தனர். பின்னர்த் தயாரிப்பு முறை திருத்தப்பட்டது. சால்க்கின் ஊசி உண்மையாகவே நோயைப் பெரிதும் குறைத்தது என்பதை நாம் மறுத்தலாகாது.

சேபின் நாடியது வேறு வழி. வைரசைக் கொல்லாமல், அதன் நச்சுத் தன்மையை மட்டும் ஒடுக்கி, குடலில் வளரவும் நரம்பைத் தாக்காதிருக்கவும் அதைப் பழக்குவது அவர் திட்டம். குரங்கின் சிறுநீரக உயிரணுக்களில் வைரசை மீண்டும் மீண்டும் வளர்த்து, வலு குன்றியவற்றை மட்டும் பொறுக்கி எடுத்தார். நோய்க்கு மூன்று வகைக் கிருமிகள் உண்டாதலால் இவ்வேலையை மும்முறை செய்ய வேண்டியிருந்தது. ஆயிரக்கணக்கான குரங்குகளில் சோதித்தபின் மருந்தைத் தாமே அருந்தினார். தம் மனைவிக்கும் இரு சிறு மகள்களுக்கும் அளித்தார். வாய்வழி மருந்தை எண்ணியவர் அவர் ஒருவரே அல்லர். ஹிலாரி கோப்ரோவ்ஸ்கி என்னும் அறிஞர் 1950ஆம் ஆண்டிலேயே அத்தகைய மருந்தொன்றைக் குழந்தைக்குக் கொடுத்துப் பார்த்திருந்தார். எனினும் உலகம் ஏற்றது சேபின் பொறுக்கிய வைரஸ் வகைகளையே.

இங்கே ஒரு செய்தியை மறைக்காமல் சொல்லக் கடமைப்பட்டுள்ளோம். அம்மருந்தின் தொடக்கச் சோதனைகள் ஓஹையோ மாநிலத்துச் சில்லிக்கோத்தி சிறையில், தாமாக முன்வந்ததாகக் கூறப்பட்ட கைதிகளிடம் நடத்தப்பட்டன. எவருக்கும் தீங்கு நேரவில்லை. ஆயினும் சிறைக்குள் இருப்பவன் தரும் இசைவு முழுமையான இசைவு ஆகுமா என்னும் கேள்வி நிற்கிறது. புதியன சோதிக்கப்படும்போது முதலில் நிறுத்தப்படுவோரும், பலன் பகிரப்படும்போது கடைசியில் நிறுத்தப்படுவோரும் யார் என்று கேட்கும் உரிமை ஒடுக்கப்பட்ட மக்களுக்கு எப்போதும் உண்டு. பெரியோரின் பெருமையைப் பாடும்போதும் இக்கேள்வியை நாம் விட்டுவிடலாகாது.

எல்லை கடந்த மருந்து

அமெரிக்காவில் சால்க்கின் ஊசி பெரும்பாலான குழந்தைகளுக்குப் போடப்பட்டுவிட்டமையால், புதிய மருந்தைப் பெருமளவில் சோதிக்க வாய்ப்பு அங்கே அரிதாயிற்று. அந்நாளில் அமெரிக்காவும் சோவியத் நாடும் ஒன்றையொன்று அழிக்க அணுகுண்டுகளைக் குவித்துக் கொண்டிருந்தன. அந்நிலையில் 1956ஆம் ஆண்டில் சோவியத் அறிஞர்கள் அமெரிக்கா வந்தனர். சேபினும் சோவியத் நாடு சென்றார். தம் மருந்தின் மூல வைரசுகளை மிகயில் சுமக்கோவ், அனட்டோலி ஸ்மொரோடின்செவ் ஆகிய அறிஞர்களிடம் வழங்கினார். 1959ஆம் ஆண்டில் அங்கே கோடிக்கு மேற்பட்ட குழந்தைகள் அம்மருந்தை உண்டனர். சுமக்கோவ் அதை இனிப்பு மிட்டாயாகவே செய்து கொடுத்தார். அந்த முடிவுகளை ஐயுற்றோர் பலர் இருந்தமையால், உலக சுகாதார நிறுவனத்தின் சார்பில் டாரதி ஹார்ஸ்ட்மன் என்னும் அமெரிக்கப் பெண் மருத்துவர் நேரிற் சென்று ஆராய்ந்து, அவை நம்பத்தக்கவை என்று அறிவித்தார். 1960ஆம் ஆண்டின் இறுதிக்குள் சோவியத் நாட்டில் ஏழு கோடிக்கு மேற்பட்டோர் மருந்து பெற்றனர்.

1960 ஏப்ரல் 24ஆம் நாள், ஞாயிற்றுக்கிழமை, சின்சினாட்டி நகரிலும் பிள்ளைகள் வரிசையில் நின்று அம்மருந்தை உண்டனர். பின்னர் அமெரிக்கா எங்கும் ஞாயிறுதோறும் குடும்பம் குடும்பமாக மக்கள் திரண்டு, மருந்து ஊறிய சர்க்கரைக் கட்டியை வாயில் இட்டுக்கொண்டனர். 1961இல் ஜப்பானியத் தாய்மார்கள் போராடியதன் பயனாய் அந்நாட்டு அரசு சோவியத் நாட்டிலிருந்தும் கனடாவிலிருந்தும் 1 கோடியே 30 லட்சம் முறைக்கான மருந்தை வரவழைத்தது. 1962இல் கியூபா நாட்டில் தெருக்குழுக்களைச் சேர்ந்த எளிய மக்களே வீடுவீடாகச் சென்று குழந்தைகளுக்கு மருந்து கொடுத்தனர். ஊசி போடுவதற்குப் பயிற்சி பெற்றவர் வேண்டும். நாவில் துளி விடுவதற்கு அன்புள்ள எந்தக் கையும் போதும். இவ்வோர் எளிமையே அம்மருந்தை ஏழைகளின் மருந்தாக்கிற்று.

சேபின் தம் மருந்துக்குக் காப்புரிமை பெறவில்லை. அதனால் ஒரு காசும் ஈட்டவில்லை. பல்கலைக்கழகம் தந்த ஊதியமே அவர் வருவாய். சில துளிகள் சில காசுக்குக் கிடைத்தமைக்கு அதுவும் ஒரு காரணம். அறிவைப் பூட்டி வைத்துச் சிலருக்கு மட்டும் திறக்கும் வழக்கத்தால் தலைமுறை தலைமுறையாக இழந்தவர்கள் நாம். அறிவு பொதுவுடைமையாகும்போது எத்துணை உயிர்கள் பிழைக்கும் என்பதைச் சேபின் வாழ்வில் கண்கூடாகக் காண்கிறோம்.

மூச்சின் வழியும் நோயின் வழியும்

பிரேசில் நாட்டில் 1980ஆம் ஆண்டில் ஒரே நாளில் நாடெங்கும் மருந்து வழங்கும் முறை தொடங்கிற்று. அதற்குத் துணைபுரியச் சென்ற சேபின், அரசு காட்டிய நோய்க் கணக்குகள் உண்மையல்ல என்று வெளிப்படையாகக் கூறி, அந்நாட்டு இராணுவ ஆட்சியாளரின் சினத்துக்கு ஆளானார். நோயாளிகளின் எண்ணிக்கையை மறைத்து நோயை ஒழிக்க முடியாது என்பது அவர் உறுதி.

எழுபது வயதைக் கடந்த பின்னும் அவர் வேறொரு வாயிலை எண்ணினார். தட்டம்மைக் கிருமி மூச்சின் வழியே நுழைவது. ஆகவே அதன் தடுப்பு மருந்தையும் நுண்பனியாக்கி மூச்சின் வழியே செலுத்தலாமே என்று கருதி, 1980களின் தொடக்கத்தில் மெக்சிகோ நாட்டில் குழந்தைகளிடம் அதைச் சோதித்தார். நல்ல பலன் கண்டார். பின்னர் நம் நாட்டில் சுமார் 2,000 குழந்தைகளிடம் செய்த பேராய்வின் முடிவு 2015இல் வெளியாயிற்று. மூச்சு வழி மருந்து பெற்றோருள் சுமார் 85 விழுக்காட்டினரும், ஊசி பெற்றோருள் சுமார் 95 விழுக்காட்டினரும் எதிர்ப்பாற்றல் பெற்றிருந்தனர். ஊசியே மேம்பட்டு நின்றது. ஒரு நோய்க்குப் பொருந்திய வழி மற்றொன்றுக்கும் அப்படியே பொருந்திவிடாது. ஒவ்வொன்றையும் சோதித்தே கொள்ள வேண்டும் என்பதை இது உணர்த்துகிறது.

1983ஆம் ஆண்டில் கழுத்தெலும்பில் அறுவை மருத்துவம் செய்துகொண்டதன் பின் சேபினுடைய கைகால்களே செயலிழந்தன. வாத நோயை வெல்ல வாழ்நாளைச் செலவிட்டவர் தாமே படுக்கையில் அசைவற்றுக் கிடந்தார். பெருவலியைப் பொறுத்து, பல மாதங்கள் முயன்று, மீண்டும் எழுந்து நடமாடினார். 1993ஆம் ஆண்டு மார்ச்சு 3ஆம் நாள், தம் எண்பத்தாறாம் வயதில், வாஷிங்டன் நகரில் இயற்கை எய்தினார். ஆர்லிங்டன் தேசிய இடுகாட்டில் அவர் உடல் அடக்கம் செய்யப்பட்டது.

குறையும் நிறையும்

குறையற்ற மருந்தென்று உலகில் ஒன்றுமில்லை. சேபின் மருந்தில் உள்ள வைரஸ் உயிருள்ளது. ஆதலால் பல லட்சம் குழந்தைகளுக்கு ஒருவர் என்னும் மிக அரிய அளவில் அம்மருந்தே வாதத்தை உண்டாக்குவது உண்டு. போதிய குழந்தைகள் மருந்து பெறாத ஊர்களில் அது குழந்தைக்குக் குழந்தை பரவிப் பழைய கொடுமையை மீண்டும் பெறுவதும் உண்டு. சேபின் தம் வாழ்நாளில் இதை எளிதில் ஒப்புக்கொள்ளவில்லை. சால்க்கோடு அவர் கொண்ட பூசலும் கடைசிவரை தணியவில்லை. பேரறிஞரும் மனிதரே. இரண்டாம் வகைக் கிருமி இயற்கையில் ஒழிந்ததாக 2015இல் அறிவிக்கப்பட்டதும், 2016ஆம் ஆண்டு ஏப்ரல் திங்களில் உலகெங்கும் அவ்வகை சொட்டு மருந்திலிருந்து நீக்கப்பட்டது. நம் நாட்டில் 2015ஆம் ஆண்டு முதல் சொட்டு மருந்தோடு ஊசியும் சேர்த்து அளிக்கப்பட்டது. வாழ்நாள் முழுதும் வாதிட்ட இருவரின் மருந்துகளும் இன்று ஒரே குழந்தையைக் காக்கின்றன.

நம் நாடும் நம் தெருவும்

இந்நோய் நம் நாட்டில் ஒழிந்த வரலாற்றில் தமிழகத்துக்கும் ஒரு பங்கு உண்டு. வேலூர்க் கிறித்துவ மருத்துவக் கல்லூரியைச் சேர்ந்த டாக்டர் டி. ஜேக்கப் ஜான், மேலைநாட்டுக் குழந்தைகளுக்குப் போதுமானதாயிருந்த மூன்று முறை மருந்து நம் குழந்தைகள் பலருக்குப் போதவில்லை என்பதை 1970களின் தொடக்கத்திலேயே கண்டறிந்தார். மீண்டும் மீண்டும் கொடுத்தாலன்றி நம் குழந்தைகளின் குடலில் மருந்து வேரூன்றவில்லை. 1995ஆம் ஆண்டு முதல் நாடு முழுவதும் ஒரே நாளில் சொட்டு மருந்து வழங்கும் பெரும்பணி நடந்தது. பின்னாளில் ஒவ்வொரு முறையும் சுமார் 17 கோடிக் குழந்தைகளுக்கு மருந்து சென்றது. விரல் நுனியில் மையிட்டு, வீட்டுக் கதவில் குறியிட்டு, விடுபட்ட குழந்தையைத் தேடி மறுநாளும் வந்த பெண்களை நாம் மறக்கவொண்ணாது. 2009ஆம் ஆண்டில்கூட 741 குழந்தைகள் நம் நாட்டில் வாதமுற்றனர். 2011ஆம் ஆண்டு ஜனவரி 13ஆம் நாள் மேற்கு வங்கத்து ஹவுரா மாவட்டத்தில் ஒரு பெண் குழந்தைக்கு வந்ததே இயற்கைக் கிருமியால் இந்தியாவில் நேர்ந்த இறுதி இளம்பிள்ளை வாதம். 2014ஆம் ஆண்டு மார்ச்சு 27ஆம் நாள் நம் நாடு அந்நோயிலிருந்து விடுபட்டதாகச் சான்று பெற்றது.

தோழர்களே, இங்கே சிந்திக்க வேண்டியது ஒன்றுண்டு. அம்மருந்து நம் குழந்தைகளிடம் எளிதில் பலிக்காமற் போனதேன்? அடிக்கடி வரும் வயிற்றுப்போக்கும், குடலில் ஏற்கெனவே குடியேறிய வேறு கிருமிகளும் அதற்குக் காரணங்கள் என அறிஞர் கூறுவர். அக்கிருமிகள் வந்தது எதனால்? கழிவு கலந்த நீராலும், வடிகால் இல்லாத தெருவாலும் அல்லவா? ஊருக்குக் குழாய் வந்தபின் பல்லாண்டு கழித்துச் சேரிக்குக் குழாய் வந்த வரலாறு நமக்குத் தெரியும். ஊராரின் மலத்தை நம் மக்கள் கையால் அள்ளிச் சுமந்த வரலாறும் தெரியும். அவ்விழிவைத் தடைசெய்யும் மையச் சட்டம் சேபின் மறைந்த அதே 1993ஆம் ஆண்டில்தான் முதன்முதலாக இயற்றப்பட்டது. அது போதாமையால் 2013இல் மீண்டும் ஒரு சட்டம் இயற்ற வேண்டியதாயிற்று. மருந்துத் துளி தேடிவந்து நம் வாயிற்படியில் நின்றது. தூய நீரும் கழிவறையும் வடிகாலும் அதே விரைவில் வந்து நிற்கவில்லை. மருந்து ஒரு நோயைத் தடுக்கும்; நல்ல நீர் நூறு நோயைத் தடுக்கும். அது நம் உரிமை என்று கேட்டுப் பெறுவதும் நோய்த்தடுப்பே ஆகும்.

இளைஞர்களுக்கு

சேபின் திறந்த வழியில் இன்றும் பலர் நடக்கின்றனர். குழந்தைகளுக்குப் பெருவயிற்றுப்போக்கை உண்டாக்கும் ரோட்டா வைரசுக்கு எதிரான சொட்டு மருந்து 2016ஆம் ஆண்டு முதல் நம் நாட்டுத் தடுப்புத் திட்டத்தில் படிப்படியாகச் சேர்க்கப்பட்டது. கொரோனாத் தொற்றுக்கு மூக்கில் விடும் மருந்தொன்றும் 2022இல் நம் நாட்டில் ஒப்புதல் பெற்றது. எந்தக் கிருமி எந்தச் சளிச்சவ்வின் வழியே நுழைகிறது, அங்கே மருந்தை எவ்வாறு சிதையாமல் கொண்டு சேர்ப்பது, அங்குள்ள காவலை எவ்வாறு எழுப்புவது என்னும் கேள்விகளுக்கு விடை காண வேண்டியவை இன்னும் மிகப் பல.

அவற்றுக்கு விடை காண்போர் எங்கிருந்தோ வரவேண்டும் என்பதில்லை. நம் சங்கத்தின் உதவியோடு பயிலும் பிள்ளைகளிலிருந்தும் வரலாம். பிறந்த ஊரில் உயிருக்கே உறுதியில்லாத குடும்பத்தில் தோன்றி, மொழி அறியாத நாட்டில் பதினைந்து வயதில் எழுத்துக் கூட்டிக் கற்ற ஒருவர், பெரியோர் அனைவரும் மூக்கு என்று சொன்னபோது, ஆராய்ந்து பார்த்துக் குடல் என்று சொன்னார். எவர் சொன்னாலும் சோதித்துப் பார்த்தே ஏற்பது, தன் பழைய முடிவும் பொய்யெனத் தெரிந்தால் அதை விடுவது, கண்ட உண்மையை எல்லாருக்கும் உரியதாக்குவது ஆகிய மூன்றையும் அவரிடமிருந்து நாம் கற்போமாக.

பெற்றோர்களே! நம் தெருவில் ஒரு குழந்தைகூடத் தடுப்பு மருந்து விடுபடாதிருக்கப் பார்த்துக்கொள்வீராக. இந்நோய் அண்டை நாடுகளான பாகிஸ்தானிலும் ஆப்கானிஸ்தானிலும் 2024ஆம் ஆண்டிலும் குழந்தைகளைத் தாக்கியது. வாயில் திறந்திருக்குமானால் அது மீண்டும் நுழையும். வாயிலைக் காப்பது நம் அனைவரின் கடமை.